வாயை மோந்து ஊற்றிய கஞ்சி

மகள் தன் கைக்குழந்தைக்குப் பால்பொடி கலக்கும்போது நான் சமையலறையை விட்டு எழுந்து போய்விடுவேன். "அம்மைக்கு இந்த மணம் கண்டூடாது" என்று புருஷனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்ட காலத்தில் நம்மவர்கள் காரோடு என்ற ஊரில் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். மழைக்காலம். பொழியூர்க்காரர்கள் கடலில் கட்டுமரம் இறக்க முடியாமல் ஊரோடு பட்டினி கிடந்தார்கள். அகப்பை பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கூலி கிடையாது, வயிறு நிறையக் கஞ்சி உண்டு. ஆகவே என் தமிழ்ப்பற்றுக்கு அந்த நாட்களில் ஒரு குறைவும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் மலையாளப் பக்கம் நின்றவர்கள் பால்பொடி கரைத்து ஊற்றினார்கள். இரண்டு மொழியும் பேசுகிற ஜனங்கள் இரண்டு வரிசையிலும் நின்றார்கள். எங்கள் பொறுப்பாளருக்கு அது பொறுக்கவில்லை. படித்த மனிதர்தான். வருகிற பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். பால் மணம் வந்தால் கஞ்சி கிடையாது.

பொழியூர் மீன்காரி ரோசம்மை சின்ன மகளோடு வந்தாள். பிள்ளையின் வாய் மணத்தது.

"அங்க குடிச்சிட்டு இங்க எதுக்குட்டி வாறே?" என்றார் அவர்.

"ஒரு வாய்ப் பாலுதான் ஸாரே குடுத்தாவ. வேற ஒண்ணும் தின்னல்ல. நாங்களும் தமிழாக்கும்."

"அப்பம் அங்க போவாதே."

மறுநாள் உப்பும் சாம்பலும் போட்டுப் பிள்ளையின் வாயைத் தேய்த்துக் கழுவிக் கூட்டிவந்தாள். அவர் மோந்தார், சிரித்தார். "இப்பம் நம்ம பிள்ளை. ஊத்து மக்கா."

ஊற்றினேன். கஞ்சி ஊற்றிய ஓலைப்பட்டையை வாயில் வைத்ததும் பிள்ளை அலறியது. தேய்த்த தேய்ப்பில் உதடும் ஈறும் புண்ணாகியிருந்தன, கஞ்சியோ உப்புப் போட்ட சுடுகஞ்சி. பட்டை மண்ணில் விழுந்தது. "கொட்டியாச்சில்லா, இனி நாளைக்கு" என்றார். ரோசம்மை சோற்றை மண்ணோடு வாரித் தன் வாயில் போட்டு, மண்ணைத் துப்பித் துப்பி, மிச்சத்தை மகளுக்கு ஊட்டினாள். இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

எல்லை முடிவாகிவிட்டது என்று செய்தி வந்ததும் கஞ்சி காய்ச்சிய கிடாரங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பால் ஊற்றியவர்களும் போய்விட்டார்கள். மழை மட்டும் விடவில்லை. நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தபோது ரோசம்மை மகளோடு வந்து நின்றாள்.

"இனி கஞ்சி இல்லக்கா" என்றேன்.

பிள்ளைக்கு அது விளங்கவில்லை. என் முன்னால் வந்து, அண்ணாந்து, வாயைத் திறந்து காட்டியது.

கொடிகள், ஊர்வலங்கள், தொட்டி எல்லாம் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. ரோசம்மையின் பிள்ளை அந்த மழையைத் தாண்டவில்லை.