மங்களத்தில் முடித்த படச்சுருள்

1926, தை மாதம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காரைக்காலில் ரயிலேறினேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் திருச்சிராப்பள்ளியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படச்சுருள்கள் சிலவற்றை அங்கே ஒரு கொட்டகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். படம் பேசாது, நடுநடுவே எழுத்து மட்டும் வரும். அதைப் படிக்கத் தெரியாமல், திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு படிக்கிற காலேஜ் பையன்கள் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கொட்டகைக்காரருக்கு மானம் போய், எனக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் பதின்மூன்று அணா. பிரிட்டிஷ் எல்லையில் சுங்கக்காரர் என் அகராதியை மோந்து பார்க்காத குறையாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பேரளத்திலும் மாயவரத்திலும் வண்டி மாறி, தஞ்சாவூர் தாண்டி இன்னும் முப்பத்தொரு மைல் வெயிலில் வெந்து, மூன்று மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன்.

தங்கும் இடம் ஸ்ரீரங்கத்தில். குதிரை வண்டிக்காரர் எட்டணா கேட்டார். அதிகம் என்றேன். "பாலம் ரெண்டு பக்கமும் காத்துங்க. குதிரை நின்னு வேடிக்கை பாக்கும். அதுக்கும் சேத்துத்தான்" என்றார். ஆறணாவுக்குப் படிந்தார். காவிரிப் பாலத்தில் குதிரை உண்மையாகவே நின்றது.

உத்தர வீதியில் ஆராவமுதன் வாசலிலேயே காத்திருந்தார். விளக்கம் சொல்பவர் இவர்தான். கோயில் மண்டபங்களில் காலட்சேபம் பண்ணிக்கொண்டிருந்தவர்; பயாஸ்கோப்பில் மாதச் சம்பளம் என்றதும் இதற்கு வந்துவிட்டார். கொட்டகையிலிருந்து திரும்பினால் ஸ்நானம் பண்ணாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டாராம்.

"வாங்கோ, வாங்கோ. தளிகை ஆயிடுத்து" என்றவர், நான் உட்கார்வதற்குள் தொழில் பேச ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு சொல்லிடறேன். சுருள் வரிசை நான் போட்டது. யுத்தம் முதல்ல, சமாதானம் அப்புறம். காலட்சேபத்தைச் சண்டையோட நிறுத்தப்படாது. மங்களத்துல முடிக்கணும். இல்லேன்னா கேட்டவா ஆத்துக்குப் போய் நிம்மதியாத் தூங்கமாட்டா."

சாப்பாடு பிரமாதமாக இருந்ததால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மாலை நாலு மணி ஆட்டம். மெயின்கார்டு கேட் பக்கத்தில் கொட்டகை. தரை இரண்டணா, பெஞ்சு நாலணா. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். நான் திரையோரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தைப் படித்து முணுமுணுக்க வேண்டும். ஆராவமுதன் அதை ஊருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

முதலில் யுத்தம். ரயில் நிலையத்தில் பெண்கள் கைக்குட்டை ஆட்டினார்கள். ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். பீரங்கிக் குண்டு செய்யும் பட்டறையில் வேலை செய்தவர்களும் பெண்களே. சேற்றுப் பள்ளங்களில் ஆட்கள் குனிந்து ஓடினார்கள். பிறகு சமாதானம். சைக்கிள் பந்தயம், தெருவில் நாட்டியம், காய்கறிச் சந்தை. "அங்கயும் வெங்காயத்துக்குப் பேரம் பேசுறாங்கடி" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிச் சுருளின் எழுத்தைப் படித்தேன்: "மார்செய் துறைமுகம், 1914. இந்தியப் பட்டாளம் வந்திறங்குகிறது." ஆராவமுதன் காதில் வாங்கிக்கொண்டார். "இதோ, யுத்தம் ஜெயிச்ச நம்ம ஜனங்களுக்குப் புஷ்பம் போட்டு மரியாதை பண்றா பாருங்கோ" என்று முழங்கினார். முண்டாசு கட்டியவர்கள் வரிசையாக நடக்க, வெள்ளைக்காரப் பெண்கள் ஓடிவந்து அவர்கள் சட்டையில் பூச் செருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நாற்பது வயதிருக்கும் பெண் ஒருவர் தரையிலிருந்து எழுந்து நின்றார். "நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரங்க அது" என்றார். சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

படத்தை நடுவில் நிறுத்தினால் சுருள் தீப்பிடித்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்து கூட்டம் போனபின் அந்தச் சுருளை மட்டும் மறுபடி ஓட்டினார்கள். அவர் பெயர் பொன்னம்மாள், ஊர் உப்பிலியபுரம். புருஷன் பட்டாளத்தோடு சுமைகாரராகக் கப்பலேறியவர். ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. இறந்துவிட்டார் என்றும் தகவல் இல்லை. மாசியில் மகளுக்குக் கல்யாணம். தாலியைத் தட்டில் எடுத்துக் கொடுக்க இவர் சுமங்கலியாக நிற்கலாமா, கூடாதா என்று ஊரில் பேச்சு. இந்தப் படத்தில் வெள்ளைக்காரிகள் பூச் செருகும் நம் ஆட்களைப் பற்றி யாரோ போய்ச் சொல்ல, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாவது ஆளாக நடந்தவரை விரலால் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, இது சண்டை முடிஞ்சு எடுத்ததுதானுங்களே?"

ஆராவமுதன் என்னையே பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று, பிள்ளைகளின் தப்பைத் திருத்தித் திருத்திப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "இல்லம்மா. 1914. போய் இறங்கின அன்னிக்கு எடுத்தது" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது ஆராவமுதன், "ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கப்படாதா?" என்றார்.

"1914 சுருளைக் கடைசிக்கு மாத்தாம இருந்திருக்கலாமே?" என்றேன்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சம்பளம் வாங்கக் கொட்டகைக்குப் போனேன். வாசலில் பொன்னம்மாளும் தம்பியும் நின்றிருந்தார்கள். எங்கள் காரைக்காலில் பிறப்பும் இறப்பும் நகரசபைப் பதிவேட்டில் முத்திரையோடு ஏறிவிடும். காகிதம் சொல்வதுதான் முடிவு. பிரான்சிலும் அப்படித்தான். கேட்டு எழுதினால் பதில் வரும் என்று சொல்லி, எழுதித் தருவதாகச் சொன்னேன். செய்ததற்குப் பிராயச்சித்தம் தேடியதுதான், வேறென்ன.

புருஷன் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. தம்பி சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

"எழுதுங்கய்யா. ஆனா தாலிய நான்தான் எடுத்துக் குடுக்கப்போறேன்" என்றார் பொன்னம்மாள். "அவங்க உசிரோட நடந்ததை நான் கண்ணால பாத்துட்டேன். செத்ததைப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லட்டும். பதில் வந்தா, மாசி தாண்டிக் குடுங்க."

காரைக்கால் வந்த அன்றே கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். கப்பல் தபாலில் போய்ப் பதில் வர எப்படியும் இரண்டு மாதம் ஆகும் என்று தெரியும். இன்றைக்கே போட்டாலும் கல்யாணத்துக்குமுன் ஒன்றும் வந்துவிடாது. இருந்தாலும் உறை என் மேஜையிலேயே இருக்கிறது. மாசி முடிந்ததும் போடுவேன்.