கூப்பிடாத பெயர்

எங்கள் குடும்பத்தில் மறைந்த பெரியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்போம். வைத்துவிட்டு வாய்விட்டுக் கூப்பிட மாட்டோம். என் மகளுக்கு என் தாயாரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் எப்படிச் சொல்வாள்? பெற்றவள் பெயரைச் சொல்லி 'வாடி' என்று நான்தான் எப்படி அழைப்பேன்? பிறந்த அன்று பாங்கு சொல்லி அந்தப் பெயரைக் காதில் ஓதியதோடு சரி. பிறகு எல்லோருக்கும் அவள் 'அம்மா'தான். இங்கேகூட அதை எழுதக் கை வரவில்லை.

அரபியில் அதற்குப் பத்திரமாக இருப்பவள் என்று பொருள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவள் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயரைப் போட்டார்கள். அதற்குக் காப்பவன் என்று பொருள். நல்ல பொருத்தம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

சித்திரைத் தேரன்று, உடன் வேலை பார்ப்பவர் அழைத்தாரென்று ஸ்ரீரங்கம் போனோம். அந்தக் கூட்டத்தில் நாலு வயதுக்காரியை நடத்திக் கூட்டிப்போன புத்திசாலி நான். ராஜகோபுரத்துக்கு அருகே செருப்பு வாரை மாட்டக் குனிந்து நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணோம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்க கூடத்தானேங்க நின்னா!" என்று மனைவி அழ ஆரம்பித்தாள். போலீஸ் பந்தலுக்கு ஓடினோம்.

"பதறாதீங்க சார், பாப்பா பேரச் சொல்லுங்க" என்றார் மைக்கில் இருந்தவர்.

முழுப் பெயரையும் சொன்னேன். என் தாயின் பெயரும் என் பெயரும் ஒலிபெருக்கியில் வீதி முழுக்கக் கேட்டன. திரும்பத் திரும்ப அறிவித்தும் பிள்ளை வரவில்லை. காவிரிப் பக்கம் போயிருப்பாளோ, தேர்ச் சக்கரத்துக்கிட்டே போயிருப்பாளோ என்று நாலாபக்கமும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அந்தப் பேரு அவளுக்கு எங்கங்க தெரியும்?"

மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "அம்மா! அத்தா இங்க இருக்கேன், வாம்மா!" என்று கத்தினேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சற்று நேரத்தில் பூக்காரப் பெண்மணி ஒருவர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "கடையோரமா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. உங்க குரலக் கேட்டதும் 'எங்க அத்தா'ன்னுச்சு."

அள்ளிக்கொண்டேன். அவளோ என் முகத்தைப் பார்த்துக் கவலையோடு சொன்னாள்: "அத்தா, ஒரு பாப்பாவக் காணோமாம். ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க. பாவம், வாங்க தேடுவோம்."