அக்காவின் பிராஞ்சை அழித்தவன்

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு வருடம் டேட்டா என்ட்ரி செய்தவர். பக்கத்து சீட்டுக்காரர்களைக் கேட்டுக் கேட்டே புரோகிராமிங் கற்றுக்கொண்டு, நாற்பது வயதில் என் டீமுக்கு வந்தார். நான் லீட், அவரைவிட எட்டு வயது சின்னவன். முதல் நாளே, "தம்பி, தப்புப் பண்ணினா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. முதுகுக்குப் பின்னாடி வேணாம்" என்றார். சொன்னேன். அடுத்தவர் தப்பைச் சொல்வதில் எனக்கு எப்போதும் தாராள மனசு.

எதையும் நோட்டில் பென்சிலால் எழுதிப் பார்த்த பிறகுதான் அக்கா கீபோர்டைத் தொடுவார். மூன்று வருடமாக கான்ட்ராக்ட் வேலை. இந்த முறை மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரில், நோயாளி டாக்டரைப் பார்க்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பகுதியை அவர் தனியாக முடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம்.

எங்கள் புரோகிராம் முழுவதும் ஒரு பொது சர்வரில் இருக்கிறது. அதில் யாரும் நேரடியாகக் கை வைப்பதில்லை. ஆளுக்கொரு பிராஞ்ச், அதாவது தனிப் பிரதி, எடுத்து வேலை செய்து, சரியானதும் மெயின் என்ற பொதுப் பிரதியில் சேர்ப்போம். சும்மா கிடக்கும் பிராஞ்சுகளை வெள்ளிக்கிழமைதோறும் அழிப்பது என் பொறுப்பு. பிராஞ்ச் என்றால் கிளை அல்லவா, அதனால் எனக்குத் 'தோட்டக்காரர்' என்று பட்டப்பெயர். முப்பது நாள் யாரும் தொடாததை அழிக்கலாம். ஆனால் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி ஒரு நாள் காத்திருக்க வேண்டும். விதி நான் போட்டது. காத்திருக்காமல் அழித்த ஒருவனை மீட்டிங்கில் நிற்க வைத்துக் கிழிகிழியென்று கிழித்ததும் நான்தான்.

கணவருக்கு ஆபரேஷன் என்று அக்கா ஐந்து வாரம் லீவில் போனார். கடைசி வெள்ளிக்கிழமை எனக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. பட்டியல் அனுப்பவில்லை. பதினான்கு பிராஞ்சுகளை ஒரே மூச்சில் அழித்தேன். அவருடையதும் அதில் இருந்தது. பெயரைக்கூடப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. லீவில் இருந்தபோது ஆபீசில் அவருடைய பழைய லேப்டாப்பை எடுத்து, அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். அதிலும் எதுவும் இல்லை.

"தம்பி, என் பிராஞ்சைக் காணோமே. உங்ககிட்ட காப்பி ஏதாவது இருக்குமா?"

"இல்லையே அக்கா. எப்படிப் போச்சுன்னு தெரியல. சர்வர்காரரைக் கேளுங்க."

வெள்ளிக்கிழமை நான் அழித்ததில் போயிருக்கும் என்று தெரிந்தும், யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. சர்வர்காரர் தேடிப் பார்த்துவிட்டு, திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்தார்.

அன்று சாயங்காலம் ஞாபகம் வந்தது. அக்கா லீவில் போவதற்கு முந்தின நாள், சரிபார்ப்பதற்காக அந்தப் பிராஞ்சை என் மெஷினில் இறக்கியிருந்தேன். தேடினேன். முழுசாக இருந்தது. திருப்பி ஏற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் காலையில் இல்லை என்றேனே. இப்போது எடுத்துக் கொடுத்தால் பேச்சு கிளம்பும், அழித்தது யார் என்று மேனேஜர் கேட்பார், அந்த மீட்டிங் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று மூடி வைத்தேன்.

நாளைக்கும் சொல்லவில்லை. அக்கா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கெடு. அன்று மேனேஜர் முன்னால் அவர் காட்டியபோது முக்கால்வாசிதான் முடிந்திருந்தது. தேதியை மாற்றினதும் திரை அப்படியே நின்றுவிட்டது. "பரவாயில்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மேனேஜர் எழுந்து போனார்.

அறையில் நாங்கள் இருவரும்தான். அக்கா லேப்டாப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அழிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி. திங்கக்கிழமையே சர்வர்காரர் காட்டினார். பேரு, நேரம் எல்லாம் இருந்துச்சு. ஏதோ அவசரத்துல பண்ணியிருப்பீங்க. நீங்களே வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. அதோடு நான் வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை.

"என் மெஷின்ல ஒரு காப்பி இருக்கு அக்கா. முழுசா."

"எப்ப பாத்தீங்க?"

"திங்கக்கிழமை சாயங்காலம்."

ஒயர் சுற்றிய கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மேனேஜரிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருடம் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். திரும்பி வந்து, அக்காவை வைத்துக்கொண்டே பிராஞ்சை ஏற்றினேன். அவர் நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கா அக்கா?"

"இருக்கு சார்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.