முன்னால் போகிறவளுக்குத்தான் காற்று

சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு முதலில் வருகிறவளை மட்டும்தான் தெரியும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்களா, அடுப்படியில் வேர்த்து வழிகிறவனைப் பார்ப்பார்களா? நான் பல வருஷம் அடுப்படியில் இருந்தவள். எங்கள் டீமில் காற்றை மறைப்பது என் வேலை.

எதிர்காற்றில் ஒருத்தி முன்னால் போனால், அவள் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவளுக்குப் பாதிப் பாடு மிச்சம். கடைசியில் பின்னால் இருந்தவள் தெம்பாகக் கிளம்பிப் போய் ஜெயிப்பாள். முன்னால் போனவள் நாக்குத் தள்ளிக்கொண்டு எத்தனையாவதாகவோ வந்து சேர்வாள். இது ஏமாற்று வேலை இல்லை, ஆட்டமே அப்படித்தான். யாராவது ஒருத்தி மறைத்தாக வேண்டும்.

எங்கள் டீமை ஆரம்பித்தவர் ஒரு பி.டி. மாஸ்டர். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிளைப் பிள்ளைகள் விற்றுவிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரே ஆத்திரம். விற்காத பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கிளம்பினார். நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இல்லை. எனக்கு அப்போதே கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. கடத்தூர் ரோட்டில் ஒரு சேகோ பேக்டரியில், ஜவ்வரிசி காயவைக்கிற களத்தில் வேலை. லேட்டானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பயத்தில் மிதித்து மிதித்தே எனக்குக் கால் உரம் வந்தது. ஒரு நாள் அவருடைய பிள்ளைகளை எல்லாம் முந்திக்கொண்டு நான் பேக்டரிக்குப் போனதை மாஸ்டர் பார்த்துவிட்டார். என் தலையெழுத்து அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் சைக்கிளில் போகிறாள் என்று அம்மா சாமியாரிடமே போய்ச் சொன்னார். சாமியார், சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு வரட்டும், அதுவும் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்தத் தீர்ப்பில் திருப்தி இல்லை. என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். போனில் கேட்டதற்கு, உன் கால், உன் இஷ்டம் என்றார். அவர் பொதுவாகவே அப்படித்தான். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இல்லை என்றாலும் அதே குரலில்தான் சொல்வார்.

டீமுக்குச் சித்தேரியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். மலையிலிருந்து இறங்கி ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். எலும்பும் தோலுமாக இருப்பாள். மலைப்பாதையில் விட்டால் ஆடு ஏறுகிற மாதிரி ஏறுவாள், பஸ் டிரைவரே ஹாரன் அடித்து வழிவிடுவார். ஆனால் சமவெளியில் ஒரு காற்றடித்தால் போதும், தள்ளாடிப்போவாள். மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தார். அடிவாரம் வரைக்கும் நான் மறைத்துக் கூட்டிப் போக வேண்டும், அங்கிருந்து அவள் ஏறி ஜெயிப்பாள். அதற்கு மாஸ்டர் ஒரு சொல் வைத்திருந்தார். முன்னால் போகிறவள் "சக்கரம் புடி" என்று கத்த வேண்டும். கத்தினால் பின்னால் இருக்கிறவள் என்ன நிலையில் இருந்தாலும் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தூக்கத்தில்கூட நான் அப்படிக் கத்துவதாக என் மகள் சொல்வாள்.

அப்படித்தான் எங்கள் டீம் மேலே வந்தது. முதலில் மாவட்டம், அப்புறம் மாநிலம். அப்புறம் ரயிலில் சைக்கிள்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், தெரியாத ஊர்க் காற்றையும் நான் மறைத்தேன். தேசியப் போட்டியில் சித்தேரிப் பெண் மெடல் வாங்கியபோது பேப்பரில் போட்டோ வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது. அம்மா அந்தப் பேப்பரை யாருக்குக் காட்டினாலும் முழங்கையைத் தொட்டுக் காட்டுவார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். பொறாமை இல்லையா என்று களத்தில் கேட்பார்கள். பொறாமைப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. ஞாயிறு முழுக்கச் சைக்கிள், திங்கள் காலையில் களம். ஜவ்வரிசி வெயிலில் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். துழாவுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண் அசந்திருக்கிறேன்.

மாஸ்டரிடம் ஒரு தடவை அலுத்துக்கொண்டேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார் அவர். என் பிள்ளை அம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

பிறகுதான் ஒரு கம்பெனி வந்தது. எங்கள் டீமை எடுத்துக்கொண்டு, தொழில்முறை டீமாகப் பதிவு செய்து, வெளிநாட்டுப் பந்தயங்களுக்கெல்லாம் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். எடுக்கப்படுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், சாப்பாடு, புது சைக்கிள், வைத்தியம். எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. மாதச் சம்பளம் என்றால் களத்துக்குப் போக வேண்டாம். சைக்கிள் மிதித்துவிட்டு வந்து படுத்துத் தூங்கலாம். என்ன வேலை என்று யாராவது கேட்டால், சைக்கிள் மிதிப்பதே என் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எங்களில் எல்லோருக்கும் இடம் இல்லை. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இந்தத் தடவை விட்டால் இன்னொரு தடவை கிடையாது என்று எனக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

தேர்வு செய்யப் பெங்களூரிலிருந்து ஒரு மேனேஜரம்மா வந்தார். நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொருத்தியாக, கொஞ்ச நேரம் விட்டு விட்டுக் கிளம்ப வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடத்தூர் வரைக்கும் தனியாக ஓட்ட வேண்டும். ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒதுங்கக் கூடாது. யாரையாவது எட்டிப் பிடித்தால் தள்ளி, ரோட்டின் அந்தப் பக்கமாகப் போய் முந்த வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம்.

அது ஆடி மாதம். அம்மி பறக்கிற காற்று நேராக முகத்தில் அடித்தது. சித்தேரிப் பெண் எனக்கு முன்னால் கிளம்பினாள். பிறகு நான். அன்றைக்குப் போல நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. அதற்கு முன்பெல்லாம் பின்னால் யார் வருகிறார்கள், ஒட்டி வருகிறார்களா என்று அரைக் கவனம் முதுகில் இருக்கும். அன்று முதுகில் யாரும் இல்லை. மொத்த உடம்பும் எனக்கே எனக்கென்று இருந்தது. இவ்வளவு கால் எனக்கு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். கொஞ்ச தூரத்திலேயே சித்தேரிப் பெண் கண்ணில் பட்டாள். முன்னால் கிளம்பினவளை எட்டிப் பிடிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

அவள் காற்றில் தள்ளாடிக்கொண்டிருந்தாள். தலை தொங்கியிருந்தது. நான் சொன்னபடியே அந்தப் பக்கமாக ஒதுங்கி முந்தினேன். முந்தும்போது அவள் மூச்சு வாங்குகிற சத்தம் காதில் விழுந்தது. என் வாய் கத்தியது.

"சக்கரம் புடி."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் கத்தினேன், அவள் வந்து ஒட்டினாள். அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதற்கு மேல் கடத்தூர் வரைக்கும் அவளை மறைத்தே கூட்டிக்கொண்டு போனேன். அவள் பின்தங்கினால் என் கால் தானாக வேகம் குறைத்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி இறங்கி, மாஸ்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

"வாய்ல வந்துடுச்சுங்க மாஸ்டர்."

மேனேஜரம்மா கோபப்படவில்லை. டீமுக்கு நீங்க பண்ணது சரி, ஆனா இன்னிக்கு நான் பாக்குறது அது இல்ல, ரெண்டு பேரோட டைமும் செல்லாது என்றார். மாஸ்டர் கெஞ்சினதில், மற்றவர்கள் முடித்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு வாய்ப்பு கொடுப்பதாகச் சொன்னார். அதுவே பெரிய மனசு.

ஆனால் மொத்தக் காற்றையும் வாங்கினவள் நான், என் முதுகுக்குப் பின்னால் இளைப்பாறி வந்தவள் அவள். இரண்டாவது தடவை யார் காலில் என்ன மிச்சம் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓட்டாமல் இருந்துவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். அப்படி நடித்தால் அறைந்துவிடுவேன் என்றேன். நிஜமாகவே அறைந்திருப்பேன், அவ்வளவு எரிச்சல் இருந்தது. அவள் மேலா, என் வாய் மேலா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அவள் ஓட்டினாள். நானும் ஓட்டினேன். பாதி வழியில் என் தொடை கல்லாகிவிட்டது. வழக்கமாக வேலைக்குப் போகிற வேகத்தில் கடத்தூர் போய்ச் சேர்ந்தேன். முடிவு சொல்லும் வரைக்கும் அங்கே நிற்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

அவளை எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நா புடிச்சிருக்கக் கூடாதுக்கா."

"நான் சொன்னேன், நீ புடிச்ச. உள்ள வந்து டீ குடி."

குடித்தாள். பாதி டம்ளரிலேயே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அவள் போன பிறகு படுத்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அம்மா என் மகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார்.

டீம் வளர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள். எந்தெந்த நாட்டுக்கோ போனார்கள். காற்றை மறைப்பதற்கென்றே வடக்கே ஏதோ மாநிலத்திலிருந்து ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து எடுத்திருப்பதாக மாஸ்டர் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலித்தது உண்மை. எடுக்காதபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

என் சைக்கிளைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன். வீட்டுக்காரர் லீவில் வந்தபோது ஒரு பழைய மொபெட் வாங்கிக் கொடுத்தார். அதில்தான் இப்போது பேக்டரிக்குப் போகிறேன். அதுவும் என்னைப் போலத்தான், ஆடிக்காற்றில் முனகிக்கொண்டே போகும்.

போன ஆடியில் ஒரு நாள் காலை, கடத்தூர் ரோட்டில் பின்னால் சைக்கிள் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஆயிரம் சத்தத்தில் கண்டுபிடிப்பேன். கண்ணாடியில் பார்த்தேன். சித்தேரிப் பெண். ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள் தனியாகப் பயிற்சிக்குக் கிளம்பியிருக்கிறாள். பழைய மாதிரியே மொபெட்டின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்தாள். என் கை ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தது. அந்தக் கையை எனக்கு அப்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் அப்படியே போனோம். திடீரென்று அவள் வெளியே வந்தாள். எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டினாள். எனக்கு நேர் முன்னால் வந்து குனிந்து உட்கார்ந்துகொண்டு, திரும்பாமலே கத்தினாள்.

"சக்கரம் புடிக்கா."

இன்ஜின் வைத்த வண்டிக்கு மறைப்பு எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் முதுகோ ஒரு கை அகலம். இரண்டு பக்கமும் காற்று வழிந்து வந்து என் மேல்தான் அடித்தது. மொபெட்டை ஒரு முறுக்கு முறுக்கினால் முந்திவிடலாம், பேக்டரிக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. நான் முந்தவில்லை. மண்புழுதியில் கண் கரித்தது, புழுதி மட்டும் இல்லை.

பாலத்துக்கிட்டே அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி ஊர்ப் பக்கம் போய்விட்டாள். நான் தனியாகப் பேக்டரியைப் பார்த்துப் போனேன். பாலம் தாண்டியதும் காற்று நெஞ்சில் வந்து மோதியது, மொபெட் திணறியது. அவள் அதுவரைக்கும் கொஞ்சம் காற்றை மறைத்துத்தான் வந்திருக்கிறாள்.