பங்கு போட்ட பாலம்

குரங்கணிக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்தது. வந்தது, ஓடையோடு நின்றுவிட்டது. ஓடைக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் இருக்கிறோம். ரோட்டுக்கு முழுக்க டெல்லிப் பணமாம். பாலத்துக்குப் பாதி டெல்லி, பாதி சென்னை. கட்டி முடித்தபின் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்து. ரோடு போட்ட கையோடு அந்தக் கரையில் பெரிய இரும்பு போர்டு ஒன்றையும் நட்டார்கள். அதில் டெல்லிக்காரர்கள் ஒரு பாதியிலும் சென்னைக்காரர்கள் மறுபாதியிலும் கைகூப்பிச் சிரித்தார்கள்.

பாலம் வரவில்லை. தேனிக்கு நடையாய் நடந்தேன். எங்கள் பங்கு போய்விட்டது, சென்னைக்காரர்கள்தான் போடவில்லை என்றார்கள் ஒரு ஆபீசில். டெல்லியிலிருந்து வராமல் நாங்கள் எதைப் போடுவது என்றார்கள் அடுத்த ஆபீசில். பஞ்சாயத்தில், வருகிற பணம் தெருவிளக்குக்கே காணவில்லை என்று கையை விரித்தார்கள். எல்லோருமே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஐப்பசி மழையில் என் தங்கைக்கு இடுப்புவலி கண்டது. தலைப்பிரசவம். மூங்கில் கம்பில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டி, நாலு பேர் தோள்மாற்றித் தூக்கி ஓடை வரை வந்துவிட்டோம். அக்கரையில் ஜீப்பு தயாராக நின்றது. நடுவில் தண்ணீர் ஆளையே இழுக்கிற வேகத்தில் ஓடியது.

"அண்ணே, என்னால முடியலண்ணே. வெரசா ஏதாச்சும் செய்யி."

நான் ஒன்றும் செய்யவில்லை, கத்தினேன். ஜீப்பு டிரைவர்தான் போர்டில் கயிற்றைக் கட்டி, வண்டியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துச் சாய்த்தார். ஜீப்பில் வந்த ஏலத்தோட்டத்து ஆட்கள், ஓடை குறுகுகிற இடத்தில் அதைப் பாறைக்குப் பாறை போட்டார்கள். கூப்பிய கைகளின்மேல் சேற்றுக்காலோடு நடந்து தங்கையைக் கடத்தினோம். போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

அந்த வாரமே இரண்டு ஆபீசிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடவே, ஆளை அடையாளம் காட்டப் பஞ்சாயத்துக்காரர். எத்தனை தடவை கூப்பிட்டும் எட்டிப்பார்க்காதவர்கள், அந்த போர்டுமேல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். அது எங்கள் சொத்து என்றார் ஒருவர். பாதி எங்களுடையது என்றார் இன்னொருவர். இப்போதே எடுத்துப் பழைய இடத்தில் நட வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம் என்றார்கள்.

"நட்டுர்றோம் சார். நீங்க எப்படி அந்தப் பக்கம் போவீங்க?" என்றேன்.

வந்த வழியே திரும்பிப் போனார்கள். தங்கை மகள் இப்போது அந்த போர்டுமேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.