மனைவியின் தாடை

போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்த பிறகுதான் என் மனைவியின் தாடைக்கு வைத்தியம் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு வருடமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் அவளுக்கு வாய் திறக்காது. காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. சோறு மெல்லும்போது உள்ளே மணல் அரைபடுவது போன்ற சத்தம் பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கும். பல்லை இறுக்கிக்கொண்டு அவள் பேசுவது எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது சுகம் விசாரித்தால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் பதில் சொல்வேன். அவளுடைய சொந்தத் தமக்கைக்கே நான்தான் சொல்லவேண்டியிருந்தது. வயலால் வந்து கைகால் கழுவி, இரணைமடுக் குளத்து மீனில் முள் பார்த்து, சோற்றைக் குழையப் பிசைந்து கொடுப்பதும் நான்தான். இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்று ஊரில் கதைத்தார்கள். அந்தக் கதை எனக்கு இனித்தது. அவள் நோவில் துடித்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் முழுக்க முழுக்க என்னுடையவளாக இருந்த காலமும் அதுதான்.

ஒத்தடம், நோவுக்குப் போடும் குளிசை, இரவில் பல்லில் மாட்டும் தகடு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வவுனியாவுக்கு வந்துபோகும் வைத்தியர் ஒருவரிடம் போனோம். வெட்டத் தேவையில்லை என்றார். மூட்டுக்குள் இரண்டு மெல்லிய ஊசிகளைக் குத்தி, ஒன்றால் சேலைன் விட்டு, மற்றதால் வெளியே வரப்பண்ணி, உள்ளே கிடக்கும் கசடைக் கழுவுவதாம். நோவு தெரியாமல் விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். தேய்ந்த எலும்பு திரும்ப வளராது, ஆனால் நோவு குறைந்து வாய் திறக்கும், சிலருக்குக் கொஞ்சக் காலத்தில் மறுபடியும் பூட்டிக்கொள்வதும் உண்டு என்றார். வயல் வாய்க்கால் துப்புரவு செய்கிற எனக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமாக இருக்கவில்லை.

கழுவிய பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று நாளாந்தம் வாயைத் திறந்து மூடிப் பழகினாள். இரண்டு விரல் நுழைந்தது, பிறகு மூன்று. மறுபடி கிளினிக்குக்குப் போனபோது, எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள் இருங்கோ. நான் சொல்லுறன்" என்றாள்.

சொன்னாள். எங்கே நொந்தது, எப்போது நோகவில்லை, எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். வைத்தியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. வரும்போது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் கேட்டதற்கும் அவளே பதில் சொன்னாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. பெண்கள் வந்தார்கள், தமக்கை வந்து நாள்கணக்கில் நின்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைப் பார்த்துப் பகிடி விட்டாள். குசினி அடுப்படியிலிருந்து வரும் சிரிப்பு தெருப் படலை வரை கேட்கும். என் மனைவி சொன்ன கதைகளில் பாதி நான் கேட்டிராதவை. இரண்டு வருடம் அவளுக்கு வாயாக இருந்தவனுக்கே தெரியாத கதைகளை முந்தாநாள் வந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும், அது இன்னும் எரிந்தது.

போர்க்காலத்தில் வெளியேற்றப்பட்டு, முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் சைக்கிளில் புடவை கொண்டுவருவார். என் வயதுதான் இருக்கும், நல்ல மனுசன். இவளுக்கு வாய் திறக்கும் வரை நான்தான் அவருடன் விலை பேசினேன். ஒரு நாள் வயலால் வரும்போது இவள் படலையடியில் ஒரு சேலையை விரித்துப் பிடித்து, இதை உங்கட வீட்டுப் பொம்பிளையள் கட்டுவினமோ என்று அவரைக் கேட்டுவிட்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவரும் சிரித்தார். நான் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, அவர் போகும் வரை பொறுத்திருந்தேன்.

"ஊசி போட்டது மெல்லுறதுக்கு. யாவாரியோட இளிக்கிறதுக்கில்லை" என்றேன்.

அவள் சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

அன்று இரவும் அடுத்த நாள் காலையிலும் அவள் பேசவில்லை. தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு முறை கூப்பிட்டேன், தலையை மட்டும் அசைத்தாள். பயந்துபோனேன், மூட்டு திரும்பவும் பூட்டிவிட்டது என்று நினைத்தேன். பயத்துக்கு அடியில் ஒரு சந்தோசமும் கிடந்தது. தமக்கையிடம் போய், அவளுக்கு உடம்புக்கு ஏலாது, இன்றைக்கு ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் மீன் வாங்கி, அவளுக்குக் கொஞ்சம் அவித்து, எனக்கு இரண்டு துண்டு பொரித்தேன். சோற்றைக் குழையப் பிசைந்து சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"என்னப்பா, பூட்டிட்டுதோ? கஷ்டப்பட்டுக் கதைக்காதையும். எனக்கு விளங்கும்" என்றேன்.

அவள் கோப்பையைத் தள்ளினாள். என் பக்கத்தில் இருந்த பொரித்த மீன் துண்டை எடுத்து, முறுகிய கரையைக் கடித்து, ஆறுதலாக, அவசரமில்லாமல் மென்று விழுங்கினாள். பிறகு ஊரில் எவருக்கும் விளங்கும்படி சொன்னாள்.

"வாய் பூட்டேல்லை. உங்களோட கதைக்க எனக்கு விருப்பமில்லை."