துவக்குச் சட்டத்துக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு

உயிலங்குளம் கமக்காரர் சங்கக் கட்டடத்தில் அன்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இருந்தார், ஊரைப் பார்க்கிற விதானையார் இருந்தார், துவக்குகளைப் பொலிசில் ஒப்படைத்த கமக்காரர்கள் இருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நான். அரிசி ஆலை முதலாளி மட்டும் வரவில்லை. அதிகாரிக்கு மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்.

யுத்தம் தொடங்கிய காலம். இயக்கப் பொடியள் பறித்துவிடுவார்கள் என்று, பன்றிக்கு வெடி வைக்கிற துவக்குகளையும் ஒப்படைக்கச் சொல்லிப் புதுச் சட்டம் வந்திருந்தது. அது சரிவர நடக்கிறதா என்று பார்க்கத்தான் அதிகாரி வந்தார்.

"எல்லாத் துவக்கும் வந்திட்டுதே?"

"ஓம் ஐயா," என்றார் விதானையார்.

"அப்ப சட்டம் நல்லா வேலை செய்யுது."

"நாங்க குடுத்துட்டோம்ங்க." மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறி எத்தனையோ வருடமாகியும் அப்பாவின் பேச்சு மாறவில்லை. "பன்னிக்குத்தான் யாரும் சொல்லலைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிர் வந்த எங்கள் வயலைப் பன்றிகள் கிண்டிப் போட்டிருந்தன. வரம்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. அனுமதிப் பத்திரமுள்ள துவக்கைக் கொடுத்துவிட்டு, பத்திரமில்லாமல் ஊரில் செய்த கட்டுத்துவக்கை அவர் வைத்துக்கொண்டது ஊருக்கே தெரியும். நெல் குத்த அவரிடம்தானே போகவேண்டும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கமும் ஒரு வெடி வைக்கச் சொல்லி அப்பா கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தோட்டக்காட்டாருக்கு வெடி என்னத்துக்கு? தகரம் தட்டிக் கலையுங்கோ."

படித்த பொடியன் என்று முதலாளி வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னைப் பரிமாற விட்டார்கள். பன்றி விழுந்தால் நல்ல துண்டு விருந்தாளிக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெருமையில் பன்றிக் கறி வைத்த முதலாளி, வந்த விருந்தாளி யார் என்பதை மறந்துபோனார். சட்டியைக் கிண்டியபோது ஒரு தொடைத் துண்டில் ஈயச் சன்னம் கறுப்பாகத் தெரிந்தது. அதைத் தேடி எடுத்து அதிகாரியின் தட்டில் வைத்தேன்.

"வடிவாச் சாப்பிடுங்கோ ஐயா."

கடித்தவர் முகம் சுளித்தார். சன்னத்தை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"முதலாளி, இதென்ன?"

"கண்ணியில பட்ட பண்டி ஐயா."

"கண்ணியும் இப்ப சன்னம் துப்புதோ?"

முதலாளியின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறைந்தது. பின்னேரம் பொலிசார் வந்து வைக்கோல் போருக்குள்ளிருந்து கட்டுத்துவக்கை எடுத்து, அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு பன்றிகள் அவர் வயலுக்கும் போயின. நான் வரம்பில் நின்று பார்த்தேன்.

பிணையில் வந்தவர் எங்கள் நெல்லைத் தொடமாட்டேன் என்றார். மிஞ்சியதை முருங்கன் ஆலை வரை வண்டியில் ஏற்றிப் போய்த்தான் குத்தினோம். அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்தத் துண்டை இன்றைக்கும் நான் அதே தட்டில்தான் வைப்பேன். அழிந்த பயிர், வண்டிக் கூலி, அம்மாவின் தோடு அடகில் மூழ்கியது, எல்லாம் சேர்த்து எங்களுக்குப் போனது நாலாயிரத்து இருநூறு ரூபாய்.